காற்றும் சோறும் களிமண்ணும்

ஐப்பசி முழுநிலவன்று ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரம் போகும் பேருந்துகளில் நிற்கவும் இடமிருக்காது. அன்று அங்கே அன்னாபிஷேகம். பதின்மூன்றரை அடி உயரமுள்ள லிங்கத்தைச் சோற்றால் மூடுகிறார்கள். 100 மூட்டை அரிசி வேகிறது. வடித்த சோறு கூடை கூடையாகக் கருவறைக்குள் போய்க்கொண்டே இருக்கும். காலையில் தொடங்கினால் மாலையில்தான் முழு உருவமும் வெள்ளையாகும். தீபாராதனை முடிந்த பிறகு, அன்றிரவே கலைத்துக் கூட்டத்துக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிடுகிறார்கள். மிஞ்சியது நீர்நிலைகளில் மீன்களுக்குப் போகிறது.

பக்தர்களுக்கு அது வழிபாடு. அந்த மரியாதை குறையாமலே அதை ஒரு கைவேலையாகவும் பார்க்கலாம். சோறு குழைந்தால் சரியும், விறைத்தால் ஒட்டாது. கீழே அகலம் பிடித்துக் கட்டினால்தான் மேலே எடை தாங்கும். இத்தனை பெரிய உருவத்தைச் சில மணி நேரத்தில் எழுப்பி, அதே நாளில் இல்லாமல் ஆக்கும் வேலையைச் சிற்பம் என்று அழைக்க நமக்கு ஏன் தயக்கம் வருகிறது? கலை என்றால் நூற்றாண்டுகள் நிற்க வேண்டும் என்று எங்கோ கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தக் கருவறைக்கு மேலேயே ராஜேந்திர சோழனின் விமானம் 180 அடி உயரத்தில் நின்றுகொண்டிருப்பதால் அந்த எண்ணம் இந்த வட்டாரத்தில் இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் பலூன். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் மண்டபங்களில் இன்று காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வரவேற்பு எதுவும் பலூன் வளைவு இல்லாமல் நடப்பது அரிது. இரவு முழுக்க மின்பம்பு வைத்து ஊதி, முடிச்சுப் போட்டு, கம்பிச் சட்டத்தில் கோத்து மயிலும் யானையும் நிறுத்துகிற இளைஞர்களை நாம் 'டெக்கரேஷன்காரர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்கள் செய்கிற அதே வேலை, அளவிலும் கற்பனையிலும் வளர்ந்து, உலகின் அருங்காட்சியகங்களுக்குள் போயிருக்கிறது. நம் ஊரில் அதற்கு ஒரு பழைய வம்சாவளியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கலையை எப்படி வரவேற்க வேண்டும், எங்கே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது தெளியும்.

முதலில் ஊர்க்கதை. கல்லே நிலையானது என்று நம்புகிறவர்கள் கங்கைகொண்டசோழபுரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் படிக்க வேண்டும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கல் தேவைப்பட்டது. கோயிலின் கோபுரமும் சுற்றுமதிலும் உடைக்கப்பட்டு அணைக்குப் போயின. இன்று அணைக்கரைப் பாலத்தைக் கடக்கிறவர்கள் சோழர் கல்லின் மேல்தான் போகிறார்கள். அரசன் குடியிருந்த அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகவும் உடைந்த கூரையோடுகளாகவும் அகழாய்வில் வெளிப்படுகிறது. அதைத் தாங்கிய மரத்தூண்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கங்கை வரை படை அனுப்பியவன் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு செங்கல்லும் மரமும் ஓடும்தான்.

கோயில் முற்றத்து நந்தியையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் நந்தி ஒரே கல்லில் செதுக்கியது. இங்கே இருப்பது செங்கல் அடுக்கிச் சுதை பூசியது. கல்லில் செதுக்குகிறவர் வேண்டாததை நீக்கிக்கொண்டே போகிறார். சுதையில் செய்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வருகிறார். சுதைக்குப் பராமரிப்பு தேவை, மழைக்கு உதிரும், மறுபடி பூச வேண்டும். பூசத் தெரிந்த கை ஊரில் இல்லாமல் போனால் உருவமும் போகும்.

அய்யனார் கோயில் குதிரைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை வரைக்கும் ஊர் எல்லையில் வரிசையாக நிற்கிற சுடுமண் குதிரைகள் எல்லாமே உள்ளே வெற்று. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, கால்களை உருளைகளாக எழுப்பி, காய்ந்த பாகத்தின் மேல் ஈரப் பாகத்தை ஏற்றி வேளார்கள் அவற்றைச் செய்கிறார்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். எனவே அந்தக் குதிரையின் உருவத்தை நிற்க வைப்பது மண் எவ்வளவோ அவ்வளவு உள்ளிருக்கும் வெற்றிடமும்தான். புரவி எடுப்புத் திருவிழாவில் புதுக்குதிரை வரும். பழையது அங்கேயே விரிசல் விட்டு, சாய்ந்து, செடி முளைத்து மண்ணாகும். யாரும் அதை எடுத்து ஒட்டவைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை ஒன்று நிலையாகவே நிற்கிறது; ஆனாலும் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் ஆயிரக்கணக்கான காகிதப்பூ மாலைகள் அதன் உடலை மூடினால்தான் ஊருக்குத் திருவிழா முழுமையாகிறது.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் படுகளத்தன்று தரையில் துரியோதனனை மண்ணால் படுக்க வைப்பார்கள். பல பத்து அடி நீளம். மார்பும் மீசையும் கிரீடமும் வண்ணத்தோடு. விடியற்காலையில் கூட்டம் வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும். பீம வேடக்காரர் தொடையை அடித்துப் பிளந்ததும் சிற்பம் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்த மண்ணைக் கைப்பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கூத்தாண்டவர் திருவிழாக்களில் அரவானின் தலை மட்டும் மரத்தில் நிரந்தரமாக இருக்கும். உடல் வைக்கோலாலும் பூவாலும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டு, களப்பலி முடிந்ததும் பிரிக்கப்படும்.

இவை எதிலும் பொருளைக் காப்பாற்றவில்லை, செய்முறையைக் காப்பாற்றினார்கள். அதற்காகத்தான் திருவிழா ஆண்டுக்கொரு முறை வந்தது என்றுகூடச் சொல்லலாம். வந்துகொண்டே இருந்ததால்தான் கை மறக்கவில்லை.

பலூனின் வரலாறு இதைவிட மிகக் குறுகியது. 1824இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜன் சோதனைக்காக ரப்பர் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அழுத்தினார். உட்பக்கம் ஒட்டாமலிருக்க மாவு தடவினார். அதுதான் ரப்பர் பலூனின் தொடக்கம். பெரிய உருவமாக அது மாறியது நூறு ஆண்டு கழித்து. நியூயார்க்கில் மேசீஸ் அங்காடி நடத்தும் நன்றி நவிலல் நாள் ஊர்வலத்துக்கு 1927இல் டோனி சார்க் என்பவர் ராட்சத ரப்பர் உருவங்களை வடிவமைத்தார். சார்க் அடிப்படையில் பொம்மலாட்டக்காரர். மேலிருந்து நூல் பிடிப்பதற்குப் பதிலாகக் கீழிருந்து கயிறு பிடித்தால் என்ன என்று யோசித்தவர். கும்பகோணம் வட்டாரத்துப் பொம்மலாட்டக் கலைஞர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரியும்: பொம்மை மேலே, ஆட்டுகிறவர் கீழே, தெருவே மேடை.

1931இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நீல் டில்லாட்சன், பூனைத்தலை வடிவில் வெட்டிய அட்டையைத் திரவ லேடெக்ஸில் தோய்த்து எடுத்தார். பலூன் மலிவானது அன்றைக்குத்தான். போர் வந்ததும் ரப்பர் ராணுவத்துக்குப் போனது. மேசீஸ் ஊர்வலமே 1942 முதல் 1944 வரை நின்று, அதன் பலூன்களும் போருக்கான ரப்பராகக் கொடுக்கப்பட்டன.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் அந்த முயற்சி டயர்களுக்குப் புதுமுகம் போடும் டிரெட் ரப்பருக்கு நகர்ந்தது. பிறகு டயராகவே வளர்ந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். இந்தியச் சாலைகளில் ஓடும் கோடிக்கணக்கான சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு திருவிழாப் பலூன் இருக்கிறது. நம் தொழில் வரலாற்றுப் புத்தகங்கள் டயரிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். பலூனிலிருந்து தொடங்கினால், விளையாட்டுப் பொருளைச் செய்யப் பழகிய கையே பெரிய பொருளுக்கும் அடித்தளம் போட்டது என்பது மாணவர்களுக்கு விளங்கும்.

கலைச்சந்தை பலூனை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். இத்தாலியக் கலைஞர் பியரோ மன்சோனி 1960இல் ஒரு பலூனைத் தன் மூச்சால் ஊதி மரப்பலகையில் பொருத்தி, 'கலைஞனின் மூச்சு' என்று பெயரிட்டார். காற்று போய்விட்டது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இன்று இருப்பது பலகையில் ஒட்டிச் சுருங்கிய ரப்பர். மறுபுறம், ஜெஃப் கூன்ஸ் முறுக்குப் பலூன் நாயைப் பல அடி உயரத்தில் துருவேறாத எஃகில் செய்தார். அதில் ஆரஞ்சு நிற நாய் 2013 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5.84 கோடி டாலருக்குப் போனது. பலூன் பலூனாக இருந்தவரை தெருவில் சில காசுக்கு விற்றது. எஃகாகி, இனிச் சாகாது என்று ஆனதும் கோடி கொடுத்தார்கள். நிலைத்தால்தான் மதிப்பு என்ற மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. நமக்கு அதில் உடன்பாடில்லை.

உண்மையான பலூன் சிற்பிகள் வேறு பக்கம் போனார்கள். 2000ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் மோல் நகரில் லாரி மாஸ் முன்னின்று 40,000க்கும் மேற்பட்ட பலூன்களால் கால்பந்து வீரர்களை நிறுத்தினார். 2013இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில் ஜேசன் ஹேக்கன்வொர்த் 10,000 பலூன்களைப் பின்னி, முறுக்கிய சுருளாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். 'பைசிஸ்' என்று அதற்குப் பெயர். நகரின் அறிவியல் விழாவுக்காக எழும்பியது, விழாவுக்குப் பின் இல்லாமல் போனது.

இந்த வேலையின் நுட்பம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஒல்லியான நீளப் பலூனை முழுக்க ஊதக் கூடாது. நுனியில் வெறும்வால் விட வேண்டும். ஒவ்வொரு முறுக்கிலும் காற்று அடுத்த குமிழுக்குத் தள்ளப்படுவதால் கடைசி முறுக்குக்கு இடம் இருக்க வேண்டும். ஒரே அளவில் ஆயிரம் பலூன் வேண்டுமென்றால் அளவுச் சட்டம் வைத்து ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒன்று பெருத்தால் பக்கத்து வரிசை கோணும். வெயிலில் காற்று விரியும், கறுப்பும் கருநீலமும் முதலில் வெடிக்கும். வெளிச்சமும் காற்றும் பட்ட லேடெக்ஸ் சில மணி நேரத்தில் பளபளப்பை இழந்து பால்நிறம் பூக்கும். சித்திரை மாத அரியலூர் வெயிலில் திறந்தவெளியில் பலூன் யானையை மாலை வரை நிற்க வைக்கிறவருக்கு ஐரோப்பியக் கூடத்துக்குள் வேலை செய்கிறவரைவிடக் கூடுதலான அறிவு வேண்டும். பெரிய உருவங்களுக்கு நீளப் பலூன்களைப் பாவும் ஊடும் போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னுகிறார்கள். செங்குந்தபுரமும் இலையூரும் வாரியங்காவலும் தறி ஓசையோடு வளர்ந்த ஊர்கள். அந்தத் தெருக்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பின்னலை யாரும் தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்காது.

பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலையொட்டி நடக்கும் சர்வதேச பலூன் திருவிழாவைப் பலர் இங்கே நினைப்பார்கள். விலங்கு உருவத்தில் தைத்த வெப்பக்காற்றுப் பலூன்கள் அங்கே வருகின்றன, கூட்டமும் கூடுகிறது. சுற்றுலாவுக்கு நல்லதுதான். ஆனால் அங்கே நாம் பெரும்பாலும் பார்வையாளர்கள். நான் பேசுவது நம் கையால் செய்வதைப் பற்றி.

இனி தடுத்து நிறுத்த வேண்டிய இடம். பலூனை மிதக்க வைக்க நிரப்பும் ஹீலியம் என்ற தனிமம் மனிதக் கண்ணில் பட்ட கதையில் பழைய சென்னை மாகாணத்துக்குப் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சனும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சூரிய ஒளியில் அவர்கள் கண்ட மஞ்சள் கோடுதான் பின்னர் ஹீலியம் என்று அறியப்பட்டது. பூமியில் அதை வில்லியம் ராம்சே 1895இல் பிரித்தெடுத்தார். அந்த வாயுவை இன்று ஏறத்தாழ முழுவதுமாக வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தைக் குளிர்விக்க அது தேவை. ஒரு பிறந்தநாள் மாலைக்காக அதைக் காற்றில் விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. சிலிண்டரைக் கையாளத் தெரியாமல் செய்தால் உயிரே போகிறது. 2022 அக்டோபரில் திருச்சி கோட்டைவாசல் பகுதியில் பலூன் வாயு சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். தெருவோரம் ஹைட்ரஜன் நிரப்புவது அதைவிட ஆபத்து. முறுக்கியும் பின்னியும் செய்யும் சிற்பத்துக்கு இந்த இரண்டு வாயுவுமே வேண்டாம். பம்பில் அடித்த சாதாரணக் காற்று போதும்.

பலூனைக் கூட்டமாக வானில் விடுவதையும் கைவிட வேண்டும். 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நன்கொடை திரட்ட ஏறத்தாழ 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டார்கள். மழைக்காற்று அவற்றைக் கீழே அழுத்தியது. ஈரி ஏரியில் படகு கவிழ்ந்த இரண்டு மீனவர்களைத் தேடிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படைக்கு, நீர்ப்பரப்பில் மிதக்கும் தலைக்கும் பலூனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருவரும் உயிரோடு மீளவில்லை.

லேடெக்ஸ் மரப்பால்தானே, இலைபோல மக்கிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலூன்களை நன்னீரிலும் கடல்நீரிலும் எருக்குழியிலும் 16 வாரம் வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க சிதைவு இல்லை. கடற்பறவைகளைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு, கடினப் பிளாஸ்டிக் துண்டை விழுங்கும் பறவையைவிடப் பலூன் துண்டை விழுங்கும் பறவை சாகும் வாய்ப்பு 32 மடங்கு என்கிறது. இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் பலூன்களின் பிளாஸ்டிக் குச்சியைத் தடை செய்துவிட்டது. ரப்பருக்கும் மின்னும் ஃபாயில் பலூனுக்கும் தடை இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் மறுநாள் காலை குப்பையில் கிடப்பவை அவைதான். மேய வரும் ஆடுமாடுகளின் வயிற்றுக்குள் போவதும் அவைதான்.

நம் பழைய ஒருநாள் சிற்பங்களோடு பலூனை ஒப்பிட்டால் இந்த இடத்தில்தான் அது தோற்கிறது. சோறு மனிதருக்கும் மீனுக்கும் போனது. துரியோதனன் மண்ணுக்கே திரும்பினான். அரவானின் வைக்கோல் மண்ணோடு மண்ணாகும். மறைந்துபோவது அந்தக் கலைகளில் பாதி வேலை. அதையும் செய்கிறவர்களே திட்டமிட்டுச் செய்தார்கள். பலூன் சிற்பி உருவத்தை மட்டும் யோசிக்கிறார், உடைந்த ரப்பரை மண்டபத்துத் துப்புரவுப் பணியாளரிடம் விட்டுவிடுகிறார். இதைச் சரிசெய்யாத வரை இந்தக் கலைக்கு நான் கேட்கும் மரியாதையை முழுமையாகக் கேட்க முடியாது.

சரிசெய்வது கடினமும் இல்லை. வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகையிலேயே பிரித்தெடுக்கும் வேலைக்கும் ஒரு பங்கு சேர்க்கலாம். ஊதியவரே உடைத்து, எண்ணி, சாக்கில் கட்டிக் கொண்டுபோக வேண்டும் என்பதை மண்டப உரிமையாளர்கள் நிபந்தனையாக்கலாம். ஃபாயில் பலூனை விட்டுவிடலாம். திறந்தவெளியில் பலூனைப் பறக்க விடுவதற்கு ஜெயங்கொண்டம் நகராட்சியே தடை போட்டு மற்ற ஊர்களுக்கு வழிகாட்டலாம். இத்தனையும் செய்தவருக்கு மேடையில் ஒரு பலகை வேண்டும்: சமையல்காரர் பெயரும் நாதஸ்வரக்காரர் பெயரும் அழைப்பிதழில் வரும்போது, இரவெல்லாம் விழித்து யானையை எழுப்பியவர் பெயர் ஏன் வரக் கூடாது?

இவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி ஜெயங்கொண்டத்திலிருந்து சிறிது தூரந்தான். அங்கே சிற்பத் துறை இருக்கிறது. சுடுமண் குதிரை செய்யும் வேளாரையும், படுகளத் துரியோதனனைப் படுக்க வைக்கும் ஊர்க்காரரையும், பலூன் பின்னும் இளைஞரையும் ஒரே பயிலரங்கில் உட்கார வைத்தால் மூவருக்கும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற நிறைய இருக்கிறது. உள்ளே வெற்றாக உள்ள உருவத்தை நிற்க வைப்பது மூவரில் இருவருக்குத் தொழில்; குறித்த நேரத்துக்குள் முடிப்பது மூவருக்கும் பழக்கம். ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையை அரசு விழாவாகக் கொண்டாடுகிறோம். அந்த நாட்களில், கோயில் வளாகத்தைத் தொடாமல், ஊர்ப் பள்ளி மைதானத்தில் மண்ணாலும் வைக்கோலாலும் காற்றாலும் உருவம் எழுப்ப மாவட்ட நிர்வாகம் இவர்களை அழைக்கட்டும். எழுப்பியதைப் படம்பிடித்து, செய்முறையை எழுதி, செய்தவர் பெயரோடு கல்லூரி நூலகத்தில் வைக்கட்டும். பிரித்தெடுப்பதும் நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும், அதையும் மக்கள் நின்று பார்க்கட்டும்.

வீட்டு விசேஷத்துக்குப் பலூன் சொல்லப்போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. செய்யப்போகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் பெயரை எப்படி எழுதட்டும்? மறுநாள் இதை எங்கே கொண்டுபோவீர்கள்?